பட்டியலில் இல்லாத படகு

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று முதல் தடைக்காலம். அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் இந்த ஏற்பாடு. பனையடிக்குப்பத்தில் இருபத்து மூன்று விசைப்படகுகள். ஒவ்வொன்றின் எண்ணையும் கரையில் நின்றபடியே குறித்துக்கொண்டேன். பாதிப் படகுகளைக் கரையேற்றி எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பழுது பார்க்க அவர்களுக்கு இதுதான் சமயம். சிறு எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரலாம்.

மீன்வளத் துறை சார் ஆய்வாளராக இங்கே வந்து இரண்டரை மாதம் ஆகிறது. அதற்கு முன் பதினெட்டு வருடம் வைகைப் பக்கம் மீன்குஞ்சுப் பண்ணையில் இருந்தேன். முழங்கால் அளவுத் தொட்டிகள். இங்கே எல்லாமே வேறு.

ஊர்த் தலைவரை இங்கே நாட்டார் என்கிறார்கள். நாட்டார் தேசப்பன் சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்தார்.

"மொத நாளு, கடல்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்துரலாமா சார்? என் படகுலயே போலாம்."

கோப்பு வேலை நிறைய இருக்கிறது என்றேன். உண்மையிலேயே இருந்தது.

ஏப்ரல் 19, சனி

ஃபைபர் படகுகளைச் சோதித்தேன். பதினேழு படகுகள் சரியாக இருந்தன. பதினெட்டாவது கன்னியப்பனுடையது. பதிவுப் புத்தகத்தில் பத்துக் குதிரைத்திறன் எஞ்சின். படகில் மாட்டியிருந்தது இருபத்தைந்து. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சத்தம் போடவில்லை, மறைக்கவும் இல்லை.

"மீனு எல்லாம் தூரமாப் போயிடுச்சு சார். சின்ன எஞ்சின வெச்சிகினு அம்மாந்தூரம் போனா, காத்து எழும்பினா திரும்பி வர முடியாது. உயிருக்குத்தான் பெருசு மாட்டினேன்."

"அப்ப பதிவ மாத்தியிருக்கணும்ல?"

"மாத்துறேன்னா பெரிய படகுன்னு சொல்லி தடைக்காலத்துல போக உட மாட்டீங்க. மாத்தலைன்னா திருட்டு எஞ்சின். நான் எந்தப் பக்கம் சார் நிக்கறது?"

எஞ்சினைப் பறிமுதல் செய்து அலுவலகச் சாமான் அறையில் வைத்து, துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்தேன். அவரும் அவர் மச்சானும்தான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பழைய பத்துக் குதிரையை மாட்டிக்கொண்டு அவர் தொழிலுக்குப் போகலாம். அவர் மனைவி அமிர்தவல்லி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னவோ போல இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை ஏழரைக்கு ஓடி வந்து கூப்பிட்டார்கள். கரையில் கூட்டம். நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு கயாக். பிளாஸ்டிக், பன்னிரண்டு அடி நீளம், ஒரு ஆள் உட்காரும் குழி, இரண்டு பக்கமும் வலிக்கிற ஒரே துடுப்பு. அதற்குரியவர் ஜோயல் தினகரன். சென்னைக்காரர், முப்பத்தெட்டு வயது, லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுவது பொழுதுபோக்கு. இன்று ஒன்பது கிலோ பாரை ஒன்று பிடித்திருந்தார். கரையேறும்போது ஆட்கள் சுற்றிக்கொண்டு துடுப்பைப் பிடுங்கிவிட்டார்கள்.

அமிர்தவல்லி இன்று பேசினார்.

"எங்க ஊட்டுக்காரரு எஞ்சினு உங்க ரூமுல தூங்குது. இவரு வெளையாட்டுக்கு வந்து பாரையத் தூக்கினு போறாரு. இவருக்கு மட்டும் தடை கெடையாதா சார்?"

விதிப் புத்தகத்தை அங்கேயே பிரித்துப் பார்த்தேன். விசைப்படகு இருக்கிறது. எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகு, கட்டுமரம், வள்ளம் எல்லாம் இருக்கின்றன. கயாக் என்று எதுவும் இல்லை. இல்லாத ஒன்றை எப்படித் தடுப்பது? அனுமதிப்பதும் எப்படி? துடுப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

ஜோயல் கோபப்படவில்லை. "சார், நான் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லுங்க, செஞ்சுடறேன். உங்க நம்பர் குடுங்க, எப்ப வந்தாலும் கேட்டுட்டே எறங்கறேன்" என்றார். கொடுத்தேன். அவருடைய எண்ணையும் அவர் மனைவியின் எண்ணையும் வாங்கிக்கொண்டேன். போகும்போது பாரையை நாட்டார் படகின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் காக்காய் கொத்த ஆரம்பித்ததும் யாரோ ஒரு கிழவர் எடுத்துப் போனார்.

மே 2, வெள்ளி

கயாக் பற்றித் தெளிவுரை கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் அனுப்பினேன். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறேன். எந்த வகையில் சேர்ப்பது, பதிவு உண்டா, பாதுகாப்பு விதிகள் பொருந்துமா. நல்ல கடிதம். இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

மே 11, ஞாயிறு

ஜோயல் வந்தார். எட்டு மணிக்குத் திரும்பியவர் அலுவலகத்துக்கு வந்து செல்போனில் படம் காட்டினார். வயிறு புடைத்த கொடுவா. முட்டையோடு இருக்கிறது என்று திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டாராம். "கையில இருந்து நழுவிப் போச்சு பாருங்க சார், அந்த நிமிஷம் இருக்கே" என்று முடிக்காமல் சிரித்தார்.

"கழிமுகத்துல தண்ணி அசையாம இருக்கு. நீங்க ஒரு தடவ உக்காந்து பாருங்க. இடுப்பளவு ஆழம்தான்."

இடுப்பு வலி என்றேன்.

மே 16, வெள்ளி

மேலிடத்திலிருந்து பதில். "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது." ஒரே வரி. தேதி முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

மே 20, செவ்வாய்

ஊரிலிருந்து செல்வி பேசினாள். பருத்திக்கு விலை, மகளின் விடுதி, அவளுடைய பல்வலி. கடைசியில், "கடலுக்குள்ள போயிட்டு வந்தீகளா?" என்று கேட்டாள்.

"தினமும்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாக்குறதக் கேக்கல."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். பேச்சை மாற்றினேன், அவளும் விட்டுவிட்டாள்.

மே 31, சனி

வானிலை எச்சரிக்கை வந்தது. நாளை தரையிலிருந்து பலத்த காற்று. கரைப் பலகையில் நானே சாக்பீஸால் எழுதினேன்: மீன்பிடிப் படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம். நாட்டார் ஒலிபெருக்கியிலும் சொன்னார். ஒரு படகும் போகாது.

சாப்பிடும்போது ஒரு போன். பதில் சொன்னேன். மோர் புளித்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

எழுத வரவில்லை. விரல்கள் மடங்க மறுக்கின்றன. ஆள் பிழைத்துவிட்டார்.

ஜூன் 2, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். அறிக்கைக்கும் உதவும்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஜோயலின் மனைவி சென்னையிலிருந்து கூப்பிட்டார். காலை ஐந்தரைக்குக் கடலில் இறங்கியவர் பத்து மணிக்குக் கரையேறிப் பேசியிருக்க வேண்டும். ஒன்பது நாற்பதுக்குத் தான் இருக்கும் இடத்தைப் போனில் அனுப்பியிருக்கிறார். அதற்குப் பின் ஒன்றும் இல்லை. அந்த அம்மா அழவில்லை. ஒவ்வொரு தகவலாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதைக் கேட்பது கஷ்டமாக இருந்தது.

கரைக்கு ஓடினேன். ஜோயலின் கார் பனைமரத்தடியில் நின்றது. காற்று முதுகில் அறைந்தது. மணல் பறந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கடலோரக் காவலுக்குச் சொன்னேன். உடனே கிளம்பினார்கள். ஆனால் அங்கிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம் ஆகும். விசைப்படகுகள் எல்லாம் எஞ்சின் கழற்றிக் கரையில் கிடக்கின்றன. ஊர் கூடிவிட்டது.

கன்னியப்பன் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேக்காத்து சார். துடுப்புப் போட்டு இதுல கரை சேர முடியாது. காத்து அந்தமான் பக்கம்தான் இழுத்துகினு போகும்."

"உங்க படகுல போக முடியுமா?"

"போறதுக்கு என்னா? காத்தே தள்ளிகினு போயிடும். பத்துக் குதிரைய வெச்சிகினு எதிர்காத்துல எப்படித் திரும்பறது? அவரோட சேந்து நானும் போயிட வேண்டியதுதான்."

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. சொன்னது அமிர்தவல்லி.

"சாவி உங்க பாக்கெட்டுலதானே சார் இருக்குது?"

மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை. பறிமுதல் செய்த பொருள் உத்தரவில்லாமல் என் பொறுப்பை விட்டு வெளியே போகக் கூடாது. அது விதி. சாமான் அறைக் கதவின் முன்னால் நின்று இதைச் சத்தமாகச் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. எஞ்சின் போகும் இடத்தில் நானும் இருந்தால், அது என் பொறுப்பில்தான் இருக்கிறது.

"எஞ்சினோட நானும் வர்றேன்" என்றேன்.

நாட்டார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா சார்?"

"விதி அப்படி."

விதியைத் தவிர வேறு காரணம் இருந்ததா என்று இப்போது யோசிக்க விரும்பவில்லை.

முத்திரையை உடைத்தேன். நான்கு பேர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படகில் கன்னியப்பன், அவர் மச்சான், நான். தள்ளிவிடும் முன் கன்னியப்பன் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, இரண்டு காலி எண்ணெய்க் கேன்களை எடுத்து மூடியை இறுக்கி, கயிற்றால் என் இடுப்பில் சுற்றிக் கட்டினார். "இது எல்லாருக்கும் கட்டறதுதான்" என்றார். அவர் இடுப்பிலும் இல்லை, மச்சான் இடுப்பிலும் இல்லை.

அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது படகின் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினால் இன்னும் மோசம். வாந்தி எடுத்தேன், காற்று அதை முன்னால் அள்ளிக்கொண்டு போனது. கரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடாகி, அதுவும் இல்லாமல் போயிற்று.

ஜோயல் அனுப்பிய இடத்தைப் போனில் காட்டினேன். கன்னியப்பன் ஒருமுறை பார்த்தார். "இது ஒம்போது நாப்பதுல இருந்த எடம். இப்ப இங்க இருக்க மாட்டாரு" என்று சொல்லி, தென்கிழக்கே திருப்பினார். எப்படிக் கணக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் ஓடினோம்.

மச்சான்தான் முதலில் பார்த்தது. அலைக்கு மேலே ஒரு மஞ்சள் கீற்று, பிறகு காணோம், பிறகு மறுபடி. கயாக் கவிழ்ந்து கிடந்தது. ஜோயல் அதன் வாரைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். மிதவைச் சட்டை போட்டிருந்தார். அதனால்தான் உயிரோடு இருந்தார். தூண்டில் கயிறு ஒரு காலில் சுற்றி அறுத்திருந்தது.

கன்னியப்பன் எஞ்சினை விட முடியாது, விட்டால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். மச்சான் ஒரு கையைப் பிடித்தார். ஆள் கனமாக இருந்தார், நழுவினார். "சார், புடிங்க சார்!" என்று கன்னியப்பன் கத்தினார். பலகையிலிருந்து என் கையை எடுத்தேன். படகின் விளிம்பில் வயிற்றைப் போட்டுக் குனிந்து, சட்டையின் தோள்பட்டியைப் பிடித்தேன். என் முகம் இரண்டு தடவை தண்ணீருக்குள் போய் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் படகுக்குள் விழுந்த பிறகும் நான் விடவில்லையாம். கரைக்கு வந்த பிறகு அமிர்தவல்லிதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

திரும்பி வர ஒன்றே முக்கால் மணி நேரம். இருபத்தைந்து குதிரையே திணறியது.

ஜோயலை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு அலுவலகத் திண்டில் உட்கார்ந்திருந்தேன். கன்னியப்பனும் மச்சானும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்திருந்தார்கள். நான் கேட்கவில்லை. பழைய இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டுக் கன்னியப்பன் நிமிர்ந்தார்.

"சீலு வெச்சிடுங்க சார். நாளைக்கு உங்களத்தானே கேப்பாங்க."

மெழுகுவத்தியை அவர்தான் பிடித்தார். நான் முத்திரையை அழுத்தினேன்.

ஜூன் 3, செவ்வாய்

அறிக்கை எழுதினேன். நான்கு பக்கம். முத்திரையை உடைத்ததை முழுதாக எழுதியிருக்கிறேன், மறைக்க எதுவும் இல்லை. "எச்சரிக்கையை மீறிக் கடலுக்குள் சென்ற தனிநபர்" என்று தொடங்குகிறது. தெளிவாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போய் ஜோயலைப் பார்த்தேன். காலில் பதினொரு தையல். அவர் மனைவி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு டீ வாங்கப் போனார். அவர் போன பிறகு ஜோயல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார், ரிப்போர்ட் எழுதுவீங்கல்ல? சனிக்கிழம நான் உங்களுக்குப் போன் பண்ணத எழுதாதீங்க. உங்களுக்குத்தான் பிரச்சின ஆகும்."

நாற்காலியைக் கட்டில் பக்கம் நகர்த்தினேன்.

"எச்சரிக்க எங்களுக்கும் சேத்தான்னு கேட்டேன். அது மீன்பிடிப் படகுகளுக்கு, உங்க படகு பத்தி விதியில ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. நீங்க சொன்னது சரிதான் சார். விதியில இல்லதானே? நான்தான் காத்தப் பாத்துட்டுத் திரும்பியிருக்கணும். எங்க வீட்டுலயும் நான் சொல்லல."

அந்த அம்மா டீயோடு வந்தார். குடித்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

ஜூன் 5, வியாழன்

அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை அந்தப் போன் வந்தபோது தட்டில் கை இருந்தது. இடது கையால் எடுத்துப் பேசினேன். பத்து விநாடி கூட ஆகியிருக்காது. விதியில் இல்லை என்று சொல்லும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. மேலிடம் பதில் சொல்லவில்லை அல்லவா, நான் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு நினைப்பு. காற்று பற்றி அவர் கேட்டார். நான் புத்தகம் பற்றிப் பதில் சொன்னேன்.

முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். போன் வந்த நேரம், அவர் கேட்டது, நான் சொன்னது, மூன்றையும் எழுதினேன். "போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். மத்தியானம் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, ஜோயலின் மனைவிக்குப் போன் செய்து அவரிடமும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

ஊர்க் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிலர் இனிமேல் கயாக்கே இந்தக் கரையில் இறங்கக் கூடாது என்றார்கள். கன்னியப்பன் எழுந்தார்.

"கடலு என்னா நாம கட்டினதா? வரட்டும். ஆனா யாரு போறாங்க, எப்ப வருவாங்கன்னு நமக்குத் தெரியணும். தேடப் போறது நாமதானே?"

நாட்டார் ஒப்புக்கொண்டார். "சட்டம் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நம்ம ஊரு வழக்கம்னு ஒண்ணு வெச்சிக்குவோம்."

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கரை டீக்கடையில் ஒரு நோட்டு இருக்கும். வெளியாள் கடலில் இறங்கினால் பேர், போன் நம்பர், திரும்பும் நேரம் எழுத வேண்டும். மிதவைச் சட்டை இல்லாமல் விடக் கூடாது. எச்சரிக்கை வந்தால் யாருக்கும் கடல் கிடையாது, எந்தப் படகாக இருந்தாலும். முட்டையோடு பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்று ஒருவர் சொன்னதும் அமிர்தவல்லி, "நீ உடுவியா மொதல்ல?" என்று கேட்டார். சிரிப்பு. கடைசியில் அது தீர்மானம் ஆகவில்லை, அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

நீச்சல் தெரியுமா, தெரியாதா என்றும் ஒரு கட்டம் போடச் சொன்னது அமிர்தவல்லிதான். "தேடிப் போறவங்களுக்கு அதானே மொதல்ல தெரியணும்?"

"இது துறை விதி இல்ல. நான் கையெழுத்துப் போட முடியாது" என்றேன்.

"கையெழுத்து யாரு சார் கேட்டா? கோடு நேரா போட்டுக் குடுங்க."

நாற்பது பக்கத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 11, புதன்

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஆணை. முத்திரையை உடைத்ததற்கு ஒன்று, போனில் சொன்னதற்கு ஒன்று. பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். இந்த முறை கடிதம் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது. கன்னியப்பனின் எஞ்சின் பதிவை மாற்றுவதற்கு விண்ணப்பம் எழுதினேன். பாதுகாப்புக்காகப் பெரிய எஞ்சின் வைக்கும் சிறு படகுகளுக்குத் தடைக்காலத்தில் என்ன வழி என்று கூடவே ஒரு கடிதம். பதில் வருமா தெரியாது. அவரிடமும் அப்படியே சொன்னேன்.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "தண்ணி உப்பா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஐந்தே முக்காலுக்குக் கரைக்குப் போனேன். காற்று இல்லை. கன்னியப்பன் பத்துக் குதிரை எஞ்சினோடு வலை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நானும் வரலாமா?"

"இன்னிக்கு எந்த எஞ்சினுக்குக் காவலு சார்?"

"எதுக்கும் இல்ல. சும்மாதான்."

அவர் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினார். "வெளியாளுதானே நீங்க? எழுதிட்டு வாங்க."

நோட்டை எடுத்துக் கொடுத்தது அமிர்தவல்லி. முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. பேர்: சௌந்தரபாண்டியன். போன் நம்பர். திரும்பும் நேரம்: எட்டரை. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினோரு வயதில் மாமா என்னைக் கிணற்றில் தூக்கிப் போட்டு, மேலே வர நேரமானது. அன்றையிலிருந்து வேலை விண்ணப்பத்திலும், பயிற்சி முகாமிலும், கல்யாணமான புதிதில் குற்றாலத்திலும், இந்த நாட்குறிப்பிலும் இதைத் தவிர மற்றதைத்தான் எழுதியிருக்கிறேன்.

தெரியாது என்று எழுதினேன்.

அமிர்தவல்லி எட்டிப் பார்த்துப் படித்தார். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. ஆணியில் தொங்கிய மிதவைச் சட்டையை எடுத்து நீட்டிவிட்டு, கரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இந்தா, சாருக்கு நீச்சல் தெரியாதாம். நடுவுல உக்கார வெச்சிக் கூட்டினு போ."

கரையில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது. சட்டையின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டு படகைப் பார்த்து நடந்தேன்.